ஒத்துப்போன மூன்று இதயங்கள்

சுகந்தியின் இதயம்தான் நூறு. சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

பேருந்து ஓட்டுநர்கள், பிரசவ வார்டு செவிலியர்கள், கிரேன் இயக்குபவர்கள் என்று பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதய நிதானச் சோதனைக்குப் படுக்க வேண்டும் என்று விதி வந்திருந்தது. நெஞ்சில் இரண்டு ஒட்டுத் தகடுகள், ஐந்து நிமிடம், ஓர் எண். அந்த எண் எண்பதுக்கும் நூற்றிருபதுக்கும் நடுவில் விழுந்தால் வேலை நிலைக்கும். ஆனால் ஊர் ஊராக இருக்கும் ஆயிரக்கணக்கான கருவிகளும் ஒரே மாதிரி பேச வேண்டுமே. எடைக்கல்லுக்கு ஒரு மூலக்கல் இருப்பதுபோல இதற்கு ஒரு மூல இதயம் தேவைப்பட்டது. அதை இரும்பில் வார்த்து வைக்க முடியாது.

ஆகவே நானூற்றுப் பன்னிரண்டு ஆரோக்கியமான மனிதர்களை அறுபது காலைகள் அளந்து பார்த்தார்கள். பெரும்பாலோரின் எண் திங்களன்று ஒன்றாகவும் வியாழனன்று வேறொன்றாகவும் அலைந்தது. உடுமலைப்பேட்டை பாலிடெக்னிக்கில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த சுகந்தியின் அறுபது காலைகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. பள்ளியில் பத்தாவது ரேங்க்கைத் தாண்டாதவள் அவள். "நீங்கதான் முதல்ல வந்திருக்கீங்க" என்று தேர்வை நடத்திய டாக்டர் சடகோபன் கைகுலுக்கியபோது எங்கே பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாட்டில் அப்படி மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். தெற்குப் பகுதியின் கருவிகளெல்லாம் அவள் பொறுப்பு.

அது நடந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. மலைமேல் ஒரு பழைய தேயிலைத் தோட்டத்து விடுதியை அளவு நிலையமாக மாற்றியிருந்தார்கள். வண்டிச் சத்தம் எட்டாத இடம். ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பாள். கழிவறைக்குப் போய்விட்டு வந்து பத்து நிமிடம் அசையாமல் படுத்திருப்பாள். பிறகு விட்டத்தில் ஒரு பச்சை விளக்கு மெல்ல ஏறி இறங்கும். ஏறும்போது மூச்சை இழுக்க வேண்டும், இறங்கும்போது விட வேண்டும். ஐந்து நிமிடத்தில் அறுபது மூச்சு. முடிந்ததும் பக்கத்து அறையிலிருந்து, அளவைப் பதிவு செய்யும் ரெஜினா கண்ணாடியைத் தட்டுவாள். அவ்வளவுதான். அன்றைய நூறு முடிந்தது. மிச்சமிருக்கும் பகல் முழுவதும் நாளைய நூறைக் கெடுக்காமல் இருப்பதே அவள் வேலை. காபி கிடையாது. செய்தித்தாள் கிடையாது. கைபேசி கிடையாது. ஊழியர்கள் தேவைக்கு மேல் அவளுடன் பேசக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் பனிமூட்டம் நின்றது. யாரோ ஒரு பெரிய வெள்ளைத் தாளை எழுத எடுத்து, எழுதாமலே விட்டுப் போனதுபோல இருக்கும்.

முதலில் வாரம் ஒருமுறை பார்வையாளர்களை அனுமதித்தார்கள். பிறகு அது மாதத்தின் முதல் ஞாயிறு, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்றானது. வருவது தம்பி மயில்சாமி ஒருவன்தான். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு தனியார் பேருந்தை ஓட்டுகிறான்.

நவம்பர் ஞாயிறன்றும் வந்தான். உட்காரும்போதே மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தான்.

"மிக்சர். வாசல்ல அந்தம்மா புடுங்கிக்கப் பாத்துது. நான் முறுக்கிக்கிட்டு வந்துட்டேன்."

"நான் சாப்பிடக் கூடாதுடா."

"தெரியும். நான் தின்னுவேன், நீ பாரு." ஒரு வாய் போட்டுக்கொண்டான். "ஏனுக்கா, இங்க சிரிக்கிறதுக்காச்சும் பர்மிசன் இருக்குதா, இல்ல அதுக்கும் எழுதிக் குடுக்கோணுமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ வெகு தூரத்திலிருந்து வந்து சேர்ந்ததுபோல இருந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் ஆடு ஒன்று பேருந்தில் ஏறி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்ட கதையைச் சொன்னான். மகள் இனியா பள்ளிக்கூடத்தில் ஆசிரியையிடம் "எங்கப்பா பஸ்ஸுக்குத்தான் பழனி முருகன் காத்துக்கிட்டு இருப்பாரு" என்று சொன்ன கதையைச் சொன்னான். பிறகு மிக்சரை ஒதுக்கிவைத்தான்.

"அக்கா, ரெண்டாவது தடவையும் போயிருச்சு."

"என்ன போச்சு?"

"நெஞ்சு டெஸ்ட்டு. நூத்தி முப்பத்தொண்ணு. போன தடவ, ஆகஸ்ட்டுல, நூத்தி இருவத்தஞ்சு. இந்த டெஸ்ட்டு வந்த புதுசுல நூத்தி நாலுதான் இருந்துது. நான் தண்ணி போடறதில்ல, பீடி புடிக்கிறதில்ல. பத்து வருசத்துல ஒரு கோழியக்கூட ஏத்துனதில்ல. என்ற நெஞ்சுல என்னக்கா மாறிப்போச்சு?"

"டாக்டர்கிட்ட காமிச்சியா?"

"காமிச்சேன். உன்னாட்டம் நல்ல ஒடம்பு நான் பாத்ததில்லன்னுட்டார். அத எழுதிக் குடுங்கன்னா, மிசின் சொல்றதுக்கு மேல நான் எழுத முடியாதுங்கறார்." கைகளைப் பார்த்துக்கொண்டான். "பெயிலானா மூணு மாசத்துலயே மறுக்கா வெக்கறாங்க. பிப்ரவரி பதினெட்டு மூணாவது. அதுலயும் போச்சுன்னா லைசன்ச வாங்கி வெச்சுக்குவாங்க. அதுக்கப்பறம் எப்பவும் ஓட்ட முடியாது. எனக்கு வேற எதுவும் தெரியாதுக்கா."

நிலையத்தில் அவள் என்ன வேலை செய்கிறாள் என்று வெளியில் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. ஏதோ இதய ஆராய்ச்சி ஆபீஸ் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

"நீ இங்க யாருகிட்டயாவது கேளேன். அந்த மிசினப் பத்தி."

"கேக்கறேன்" என்றாள்.

திங்கள் காலை அளவு முடிந்து ரெஜினா கண்ணாடியைத் தட்டியபோது சுகந்தி எழுந்து போகவில்லை. கதவைத் திறந்து பக்கத்து அறைக்குள் நுழைந்தாள். நான்கு வருடத்தில் அவள் அங்கே நுழைந்தது அதுதான் முதல்முறை. ரெஜினா திண்டுக்கல்காரி, இருபத்தாறு வயது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"அக்கா, நீங்க இங்க வரக் கூடாது."

"ஒரு கேள்விதான். நல்லா இருக்கற ஒருத்தனோட எண் எப்படிக் கூடும்?"

ரெஜினா கதவை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "நல்ல இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காதுக்கா. மூச்சு இழுத்தா கொஞ்சம் வேகம், விட்டா கொஞ்சம் மெதுவு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மாறிக்கிட்டே இருக்கும். அது எவ்ளோ மாறுதுன்னுதான் அளக்குறோம். மில்லி நொடியில. நல்லா தூங்கி, நாலு பேரோட சந்தோசமா இருக்கறவங்களுக்கு அது பொதுவா அதிகமா இருக்கும்."

"அப்ப கூடுனா நல்லதுதானே? மேல எதுக்கு ஒரு கோடு?"

"ரொம்பக் கூடினா துடிப்பே தப்பா இருக்கலாம்னு ஒரு சந்தேகம். அதோட, கீழ ஒரு கோடு போட்டாங்கல்ல. மேலயும் ஒண்ணு இருந்தாத்தான் கமிட்டிக்குப் பாக்க அழகா இருந்திருக்கும்."

"என்னோடது எத்தன மில்லி நொடி?"

"உங்களோடது நூறுக்கா."

"அது தெரியும். மில்லி நொடியில?"

ரெஜினா இதுவரை அதைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை. ஒவ்வொரு காலையும் சுகந்தியின் இதயம் என்ன சொன்னாலும் அது நூறு என்று கணினி எடுத்துக்கொள்ளும். அதற்கு ஏற்றபடி மற்றக் கருவிகள் தங்களைத் திருத்திக்கொள்ளும். பழைய கோப்புகளைத் தேடித் திறக்க அவளுக்குச் சற்று நேரமானது. பிறகு திரையைச் சுகந்தியின் பக்கம் திருப்பினாள்.

சேர்ந்த மாதம் நாற்பத்தெட்டு. இரண்டாம் வருடம் நாற்பத்திரண்டு. இந்த ஆகஸ்ட்டில் நாற்பது. போன மாதம் முப்பத்தெட்டு.

சுகந்தி தம்பியின் மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் மில்லி நொடிக்கு மாற்றிப் பார்த்தாள்; மூன்றுக்கும் ஐம்பதுதான் வந்தது. ஐம்பதை நாற்பத்தெட்டால் வகுத்து நூறால் பெருக்கினால் நூற்றி நாலு. ஐம்பதை நாற்பதால் வகுத்தால் நூற்றி இருபத்தைந்து. முப்பத்தெட்டால் வகுத்தால் நூற்றி முப்பத்தொன்று சொச்சம். மயில்சாமியின் இதயம் ஐம்பதிலேயே நின்றிருக்கிறது. அதில் எதுவும் மாறவில்லை.

"இது என்ன, சிவப்புல?" என்று கேட்டாள். மாதத்துக்கு இரண்டு மூன்று புள்ளிகள் சிவப்பாக, மற்றவற்றுக்கு மேலே தனியாக நின்றிருந்தன.

"அது தள்ளுபடி பண்ண நாள்." ரெஜினா தேதிகளைப் பார்த்தாள். "உங்க தம்பி வந்துட்டுப் போன மறுநாளும் அதுக்கு மறுநாளும். அன்னைக்கெல்லாம் எண் ஏறிடுது. வழக்கத்துக்கு மாறா இருந்தா சேக்கக் கூடாதுன்னு விதி. இன்னைக்குக்கூட..." நிறுத்தினாள். "இன்னைக்கு நாப்பத்தாறு வந்துதுக்கா. நான் இப்பத்தான் தள்ளுபடில போட்டேன்."

அவள் நேரே போய்ப் பார்த்த நிலையத் தலைவர் டாக்டர் சடகோபன் நல்ல மனிதர். அவளை உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். காகிதத்தை வாங்கிக் கணக்கைச் சரிபார்த்துக்கூடப் பார்த்தார்.

"கணக்கு சரிதான். ஆனா முடிவு தப்பு" என்றார். "சுகந்தி, உங்க அளவு முன்னைவிட இப்பதான் உறுதியா இருக்கு. சேர்ந்த புதுசுல தினம் ஏழு சதவீதம் ஆடும். இப்ப மூணு. உலகத்துல யாரும் இவ்வளவு நம்பகமான ஒரு மனுச அளவ உண்டாக்குனதில்ல."

"ஒரே மாதிரி வருது சார். ஆனா சரியா வருதா?"

"அதுக்குத்தானே மூணு பேர வெச்சிருக்கோம்." ஒரு வரைபடத்தை எடுத்தார். நீலம், பச்சை, கருப்பு என்று மூன்று கோடுகள். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, மெல்ல, ஒரே சாய்வில் இறங்கிக்கொண்டிருந்தன. "ஒருத்தர் இமயமலை அடிவாரத்துல. ஒருத்தர் ஒடிசா பக்கம் கடலோரம். மூணு உடம்பு, மூணு ஊர். ஒருத்தர் மாறியிருந்தா மத்த ரெண்டு பேரு காட்டிக் குடுத்திருப்பாங்க. மூணு பேரும் ஒத்துப்போறாங்க. அப்ப நீங்க குறையல. வெளியில இருக்கறவங்கதான் கூடியிருக்காங்க."

"அவங்க ரெண்டு பேரும் எப்படி சார் இருக்காங்க?"

"உங்கள மாதிரியேதான். அதே சாப்பாடு, அதே நேரம், இதே மாதிரி ஓர் அறை. நிபந்தனை ஒண்ணா இருந்தாத்தானே ஒப்பிட முடியும்?"

"பேசறதுக்கு யாராவது?"

"அதுவும் இதேதான்" என்றார் அவர், பெருமையோடு.

சுகந்தி அந்த மூன்று கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் தெரியாத இருவர். அவளோடு சேர்ந்து, அவளுக்குத் தெரியாமலே, ஒவ்வொரு நாளும் அவளளவுக்கே இறங்கியவர்கள். இந்த உலகத்தில் அவளுக்கு அவர்களைவிட நெருங்கியவர்கள் இருக்க முடியாது என்று தோன்றியது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்டாள். கூடாது என்றார் டாக்டர், அளவு கெட்டுவிடும்.

ரெஜினாதான் வழி சொன்னாள். ஒரு நாள் காலை கண்ணாடியைத் தட்டாமல் கதவைத் திறந்தாள். "தள்ளுபடி பண்ணாம விட்டுர்றேன்கா. தம்பிய டிசம்பர்ல வரச் சொல்லுங்க. சம்சாரம், பாப்பா எல்லாரும் வரட்டும். ஜனவரி, பிப்ரவரிலயும் வரட்டும். ஏறுன நாளையெல்லாம் நான் சேத்துக்கறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா மேல போனா, பதினெட்டாம் தேதிக்குள்ள மெசினெல்லாம் உங்க பின்னாடி ஏறிடும். தம்பியோட எண் தானா இறங்கிடும்."

"உன் வேலை?"

"போனா போகட்டும். இங்க இருந்தா எனக்கும் முப்பத்தெட்டுதான் வரும்."

சுகந்தி தம்பிக்குக் கடிதம் எழுதினாள். எல்லோரும் கட்டாயம் வாருங்கள் என்பதற்கு மேல் எதுவும் எழுத முடியாது. கடிதங்களை வாசலில் படித்துப் பார்ப்பார்கள்.

டிசம்பர் ஞாயிறன்று பத்தரைக்கே பார்வையாளர் அறையில் போய் உட்கார்ந்தாள். பதினொன்று ஆனது. பன்னிரண்டும் ஆனது. யாரும் வரவில்லை. ஜனவரியில் ஓர் அஞ்சலட்டை வந்தது: 'வர முடியலக்கா. நல்லா இருக்கேன். கவலப்படாதே.' அவன் எழுத்துதான். ஆடு இல்லை, முருகன் இல்லை, ஒரு கிண்டல்கூட இல்லை. பிப்ரவரி ஞாயிறன்றும் எதிர்நாற்காலி காலியாகவே இருந்தது. மறுநாள் ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள், "முப்பத்தேழுக்கா."

அன்றே சுகந்தி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். மில்லி நொடி எண்களையெல்லாம் அச்சிட்டு வாங்கிக்கொண்டு, பதினெட்டாம் தேதி தம்பியோடு சோதனை அறைக்கே போய் அதிகாரியின் மேசையில் வைப்பது என்று முடிவு செய்திருந்தாள். யார் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, நான்தான் அந்த நூறு என்று சொல்லிவிடுவது.

டாக்டர் வருந்தினார். ஆனால் பதறவில்லை. "உங்க அளவுக்கு ஒத்துவர்ற ஒருத்தர பட்டியல்ல இருந்து எடுத்துக்குவோம். அளவு தொடர்ச்சியா இருக்கணும், ஆள் யாருங்கறது முக்கியமில்ல. முன்னெல்லாம் முப்பத்தெட்டுல நிதானமா நிக்கற ஆரோக்கியமான ஆள் கிடைக்கறதே கஷ்டம். இந்த ஒரு வருசமா நூத்துக்கணக்குல வர்றாங்க. எங்கிருந்து வர்றாங்கன்னு தெரியல."

வெளியேறும் சோதனைகள், கையெழுத்துகள் என்று இழுத்தடித்தார்கள். அவள் மலையிறங்கியபோது பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் "எந்த ஊருங்க?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லவே சிறிது நேரம் பிடித்தது. தம்பி வீட்டை அடைந்தபோது மணி இரண்டு.

தம்பி மனைவி கோகிலா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே இனியா தனியாகப் பொம்மை பேருந்து ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. அவரு காலைலயே போய் டெஸ்ட்ட முடிச்சுட்டாருங்க. பாஸ். நூத்தி ரெண்டாம், டிப்போ ஆளுங்க வந்து சொன்னாங்க."

"எப்படி?" என்றாள் சுகந்தி.

"அவரு இங்க இல்லைங்க அண்ணி. நவம்பர்ல இருந்து பொள்ளாச்சில ரூம் எடுத்துத் தனியா இருக்காரு. டிப்போல பாஸ் ஆனவங்க யாருன்னு டிரைவருங்க எல்லாம் உக்காந்து கணக்குப் பாத்தாங்களாம். பொண்டாட்டி செத்தவரு, துபாயில குடும்பம் இருக்கறவரு, கல்யாணமே ஆகாதவரு. அவங்கதான் தப்பிச்சாங்களாம்." புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். "இப்ப டெஸ்ட்டுக்கு மூணு மாசம் முன்னாடியே எல்லாரும் ரூமுக்குப் போயிர்றாங்க. பாப்பா போன்ல பேசுனாக்கூட ஏறிருதுன்னு போன எடுக்கறதில்லைங்க."

பொள்ளாச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய நீளமான கட்டடம். ஒரு தாழ்வாரம், வரிசையாகப் பதினாறு கதவுகள். எல்லாம் சாத்தியிருந்தன. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒரே ஒரு ஜோடி செருப்பு. பட்டப்பகலில் அவ்வளவு ஆண்கள் இருக்கும் இடத்தில் ஒரு ரேடியோகூடப் பாடவில்லை.

மயில்சாமி கதவைத் திறந்து, ஆச்சரியப்படாமல் அவளைப் பார்த்தான். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி. அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"பாஸ் ஆயிட்டேன்" என்றான்.

"கோகிலா சொன்னா."

அவள் பையைத் திறந்து காகிதங்களை எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். தன் வேலை என்ன என்பது, நாற்பத்தெட்டு முப்பத்தெட்டானது, சிவப்புப் புள்ளிகள், மூன்று கோடுகள். ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான்கு வருடங்கள் ஆகியிருந்ததால் நடுநடுவே சொற்களைத் தேட வேண்டியிருந்தது. அவன் குறுக்கே பேசவில்லை. முன்பெல்லாம் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கிட்டுவிடுவான்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லடா. நீ அப்படியேதான் இருந்தே. வா, வீட்டுக்குப் போலாம்."

"ஆகஸ்ட்டுல அடுத்த டெஸ்ட்டுக்கா. இப்பப் போனா மறுக்கா ஏறிரும். எறக்கறதுக்கு எவ்வளவு பாடு பட்டேன் தெரியுமா?" குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. "மொத மாசம் ரொம்பக் கஷ்டமா இருந்துது. செவுத்தப் பாத்துப் பேசுவேன். பக்கத்து ரூம் ஆளு, பேசாதீங்கண்ணா எனக்கு ஏறுதுன்னான். அப்பறம் விட்டுட்டேன்." வெளியூர் வழியை விசாரிப்பவனைப்போலக் கேட்டான், "உனக்கு எத்தன நாள்லக்கா பழகுச்சு?"

நான்கு வருடங்களில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

"பழகல" என்றாள்.

அவன் தலையாட்டினான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். கட்டில் தலைமாட்டில் சிறிய அளவுக் கருவி ஒன்று, ஒட்டுத் தகடுகளோடு, நாளைக் காலைக்காகத் தயாராக இருந்தது.

"அக்கா, கால் மணி நேரத்துக்கு மேல ஆள் இருந்தா எனக்கு ஆகறதில்ல. நேரமாச்சு."

சுகந்தி எழுந்திருக்கவில்லை.